பூதத்தை வேலைக்கு அமர்த்துதல்

ஒரு நிரலை எழுதி, கண்ணெதிரே ஓட்டிப் பார்த்து, சரியான விடை வந்துவிட்டதென்று மகிழ்வது ஒன்று. அதே நிரல் நாம் உறங்கும்போதும், ஊருக்குப் போயிருக்கும்போதும், மின்சாரம் போய் வந்தபோதும் தன் வேலையைத் தானே தொடர்ந்து செய்யுமாறு அமைப்பது வேறொன்று. முன்னதை வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். பின்னதை யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. விஞ்ஞானப் பிரிவுகளில் பயிலும் நம் மன்றத்து அன்பர்களில் பலருக்கு இன்று வேண்டியிருப்பதோ பின்னதுதான். ஆகையால் அதனைப் பற்றி, என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில், இங்கே எழுத முற்படுகிறேன்.

இதில் என்ன பெரிய சங்கடம் என்று கேட்பீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த வடநாட்டில் மார்கழி, தை மாதங்களில் இறங்கும் மூடுபனியைத் தெற்கேயிருந்து வந்த நாம் முதலாண்டில் அதிசயமாகப் பார்த்தோம், இரண்டாமாண்டில் இருமினோம். அப்பனிக்குள் மிதக்கும் நுண்தூசியை ஒரு சிறு சென்சார் கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வந்தார் மூத்த ஆய்வு மாணவர் ஒருவர். சென்சார் ஒரு ராஸ்பெரி பை கணிப்பொறியோடு இணைக்கப்பட்டிருந்தது. விடுதி அறையிலிருந்தபடியே நிரலைத் தொடங்கிவைத்துவிட்டு அவர் வேறு வேலை பார்த்தார். நம் மன்றத்துப் பொங்கல் விழா நடந்த வாரத்தில் ஓரிரவு மின்சாரம் கால் மணி நேரம் நின்றது. திரும்பி வந்ததும் கணிப்பொறி விழித்துக்கொண்டது, நிரல் விழித்துக்கொள்ளவில்லை. ஒன்பது நாள் கழித்தே அது தெரிந்தது. சென்சார் பழுதாகியிருந்தால் வேறொன்று வாங்கலாம். போன ஜனவரியின் பனியை எந்தக் கடையில் வாங்குவது? அடுத்த குளிர்காலம் வருமுன் அவருடைய உதவித்தொகைக் காலமே முடிந்துவிடும்.

அவர் விவரம் அறியாதவர் அல்லர். டெர்மினலை மூடினால் அதற்குள் ஓடும் நிரலும் மடியும் என்பது தெரிந்து, 'நோஹப்' என்னும் கட்டளையைச் சேர்த்தே ஓட்டியிருந்தார். 'டீமக்ஸ்' என்று இன்னொன்றும் உண்டு. இவையெல்லாம் டெர்மினல் மூடப்படுவதிலிருந்து மட்டுமே நிரலைக் காக்கும். கணிப்பொறியே அணைந்து எழுந்தால் இவற்றால் பயனில்லை. 'கிரான்' என்னும் காலக் கணக்கனிடம், "கணிப்பொறி விழித்ததும் இதனைத் தொடங்குக" என்று எழுதிவைக்கலாம். அது தொடங்கும், தொடங்கிய பின் திரும்பிப் பார்க்காது. அரை மணியில் நிரல் செத்து விழுந்தாலும் கிரானுக்கு அக்கறை இல்லை. தொடங்கவும், கண்காணிக்கவும், விழுந்தால் தூக்கி நிறுத்தவும் ஓர் ஆள் வேண்டும். லினக்ஸில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறான். அவனிடம் நம் நிரலை முறையாக ஒப்படைப்பதற்குத்தான் 'சர்வீஸ்' எழுதுதல் என்று பெயர்.

இப்படிப் பின்னணியில் ஓயாமல் உழைக்கும் நிரலுக்குக் கணிப்பொறிக்காரர்கள் வைத்த பழம்பெயர் 'டீமன்', அதாவது பூதம். பௌதிகம் படிப்போருக்கு இப்பூதம் உறவுமுறைதான். ஒரு பெட்டியின் நடுவே சிறு கதவு வைத்து, விரைந்தோடும் மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவாகச் செல்வனவற்றை மறு பக்கமும் ஓயாது பிரித்து விடும் ஒரு நுண்ணிய காவலாளனை 1867-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கற்பனை செய்தார். அவனுக்குப் பூதமென்று பெயரிட்டவர் கெல்வின். 1963 வாக்கில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் 'புராஜெக்ட் மாக்' குழுவினர் தம் கணிப்பொறியில் ஓயாது வேலை செய்த பின்னணி நிரல்களுக்கு அந்தப் பூதத்தின் பெயரையே சூட்டினர். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மாக்ஸ்வெலின் பூதத்தால் வெல்ல முடியவில்லை. ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நிற்க. லினக்ஸ் விழித்தெழும்போது முதன்முதல் ஓடத் தொடங்கும் நிரலுக்கு எண் 1. நாம் ஓட்டும் மற்றெல்லா நிரல்களுக்கும் அதுவே மூதாதை. 2010-இல் லெனார்ட் பாயட்டரிங், கே சீவர்ஸ் ஆகிய இருவரும் அந்த முதல் நிரலாக அமரத்தக்க 'சிஸ்டம்-டி' என்பதை வெளியிட்டனர். 2011-இல் ஃபெடோராவும், 2015-இல் டெபியனும் உபுண்டுவும் அதனை ஏற்றன. ஏற்பதா வேண்டாமா என்று 2014-இல் டெபியன் அன்பர்கள் போட்ட சண்டையை நோக்க, நம் மன்றத் தேர்தல் சண்டைகள் எம்மாத்திரம்! ராஸ்பெரி பையில் ஓடுவதும் டெபியனின் வழி வந்ததே. ஆகவே அங்கும் இதே மேஸ்திரிதான்.

மேஸ்திரியிடம் ஆளை ஒப்படைக்க 'யூனிட் கோப்பு' என்னும் சிறு எழுத்துக் கோப்பு ஒன்று போதும். அதில் வழக்கமாக மூன்று பகுதிகள். 'யூனிட்' என்பதில் இப்பணி இன்னது, எதற்குப் பின்னர் தொடங்கவேண்டும் என்பன. 'சர்வீஸ்' என்பதில் ஓட்டவேண்டிய கட்டளை, எந்தப் பயனரின் பெயரால் ஓடவேண்டும், விழுந்தால் என்ன செய்வது என்பன. 'இன்ஸ்டால்' என்பதில் கணிப்பொறி விழிக்கும்போது இதனை எந்த வரிசையில் சேர்ப்பது என்பது. பத்து வரிகளில் முடிந்துவிடும். கட்டளைகளின் பெயரை இக்கட்டுரையில் ஒலிப்படி எழுதுகிறேன். விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்க.

பத்து வரிகளில் முடிவதாயின் மாணவர்கள் ஏன் இதில் இரண்டு மூன்று நாட்களைச் செலவிடுகிறார்கள்? இதுவே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கையால் ஓட்டும்போது ஓடிய அதே நிரல், பூதமாக ஓடும்போது வேறோர் உலகத்தில் பிறக்கிறது. டெர்மினலில் நாம் அமரும்போது நம்மைச் சுற்றி ஒரு குடும்பமே இருக்கிறது. நிரல்கள் எங்கெங்கே உள்ளன என்னும் 'பாத்' பட்டியல், நம் வீட்டு ஃபோல்டர், நாம் இயக்கிவைத்த பைதான் சூழல், நமக்குள்ள அனுமதிகள், எழுத்துகளை உடனே காட்டும் திரை ஆகிய இவற்றையெல்லாம் நாம் கேளாமலே நிரல் பெறுகிறது. சிஸ்டம்-டியின் கீழ் பிறக்கும் நிரலோ ஏறக்குறைய அநாதை. அது நிற்கும் இடம் கோப்பு மரத்தின் வேராகிய சாய்கோடு மட்டுமே. ஆதலால் "தரவு என்னும் ஃபோல்டரில் எழுது" என்றால், எந்தத் தரவு என்று விழிக்கும். நம் ஷெல்லின் தொடக்கக் கோப்புகளை அது படிப்பதில்லை. கட்டளை வரியில் நாம் எழுதும் குழாய்க் குறியும், கோப்புக்குத் திருப்பும் அம்புக் குறியும் அங்கே செல்லா. அவை ஷெல்லின் வித்தைகள், ஷெல் அங்கே இல்லை. பயனர் பெயர் குறிப்பிடாவிட்டால் 'ரூட்' ஆகவே ஓடும், அது ஆபத்து. சாதாரணப் பயனர் ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டாலோ, சீரியல் துறையைத் தொடும் அனுமதி அவருக்கு இருக்கவேண்டும். டெபியனில் அதற்கு 'டயல்-அவுட்' குழுவில் உறுப்பினராதல் வேண்டும்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது பைதானின் மௌனம். பைதான் நிரல் ஒரு டெர்மினலுக்கு எழுதும்போது வரிக்கு வரி எழுதிவிடும். டெர்மினல் அல்லாத வேறோர் இடத்துக்கு எழுதும்போது, ஒரு பெரிய மூட்டை சேரும்வரை உள்ளேயே வைத்திருக்கும். பூதமாக ஓடும்போது அதன் பேச்சு சிஸ்டம்-டியின் 'ஜர்னல்' என்னும் நாட்குறிப்புக்குப் போகிறது. அது டெர்மினல் அன்று. விளைவு: நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நாட்குறிப்பில் ஒரு சொல்லும் வராது, நாமோ அது செத்துவிட்டதென்று எண்ணிக் குறியீட்டையெல்லாம் மாற்றி எழுதிக்கொண்டிருப்போம். பைதானை 'யூ' என்னும் கொடியுடன் ஓட்டினாலோ, 'பைதான்-அன்பஃபர்ட்' என்னும் சூழல் மாறிக்கு 1 என்று கொடுத்தாலோ இந்த மௌனம் கலையும். இந்த ஒரு வரி அறியாமல் ஓர் இரவு முழுதும் விழித்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இவற்றை அறியாதவர் வேலை செய்யும் முறை எப்படி இருக்கும்? கோப்பை 'ரூட்' அனுமதியோடு திறப்பது, ஒரு சொல்லை மாற்றுவது, கணிப்பொறியையே அணைத்து எழுப்புவது, ஓடவில்லை என்று காண்பது, மறுபடியும் திறப்பது. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம். இருபது சுற்றில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதன் பின் ஓடத் தொடங்கினாலும் எதனால் ஓடியது என்பது தெரியாது. என் கருத்தில் இவ்வேலையின் சூட்சுமம் முழுவதும் சுற்றைச் சுருக்குவதில்தான் இருக்கிறது. எந்தப் பிழையை எந்தப் படியில் மிக மலிவாகப் பிடிக்கலாமோ அந்தப் படியிலேயே பிடித்துவிடவேண்டும். கணிப்பொறியை அணைத்து எழுப்புவது எல்லாவற்றினும் விலை மிகுந்த சோதனை. அது கடைசியில் ஓரிரு முறை நடந்தால் போதும்.

முதற்படியில் சிஸ்டம்-டியே வேண்டாம். டெர்மினலில் வேர் ஃபோல்டருக்குப் போய், 'என்வ்' என்னும் கட்டளைக்கு 'ஐ' கொடி கொடுத்து, பைதானின் முழு முகவரியையும் நிரலின் முழு முகவரியையும் எழுதி ஓட்டுங்கள். 'என்வ் -ஐ' என்பது சூழல் மாறிகள் அனைத்தையும் களைந்துவிட்டு நிரலை ஓட்டும். அநாதை நிலையை ஒரே நொடியில் இங்கேயே உண்டாக்கிவிட்டோம்! பாதி முகவரி, விட்டுப்போன சூழல் மாறி, வேறு ஃபோல்டரை நம்பியிருந்த வரி யாவும் இங்கேயே சிக்கிவிடும். அதன் வெளியீட்டைக் குழாய் வழியாக 'கேட்' கட்டளைக்கு விட்டால் பைதானின் மௌனமும் வெளிப்படும். நான் பார்த்த சர்வீஸ் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியிலேயே பிடிபட்டிருக்கும்.

இந்தப் படியிலேயே நிரலின் உருவத்தையும் சீர்செய்துகொள்ளலாம். பழைய காலத்தில் பூதமாக விரும்பும் நிரல் தானே இருமுறை கிளைத்து, பெற்றோரைத் துறந்து, பின்னணிக்குப் போய், தனக்கென ஒரு பதிவுக் கோப்பும் வைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. இன்றும் பழைய புத்தகங்களைப் பார்த்து அவ்வாறு எழுதுவோர் உண்டு. சிஸ்டம்-டியின் கீழ் அந்தத் துறவறம் தேவையில்லை. நிரல் முன்னணியிலேயே நிற்கட்டும். சொல்லவேண்டியதைச் சாதாரணமாக அச்சிடட்டும். மற்றதை மேஸ்திரி பார்த்துக்கொள்வான். எத்தனை நொடிக்கு ஒருமுறை அளப்பது, எந்தத் துறையில் கருவி இருக்கிறது, எந்த ஃபோல்டரில் எழுதுவது என்பவற்றை நிரலுக்குள் புதைக்காமல் சூழல் மாறிகளாக வெளியே வைத்துவிடுக. அப்போதுதான் களத்தில் நிமிடத்துக்கு ஒன்றாக அளக்கும் அதே நிரல் சோதனையில் நொடிக்கு ஒன்றாக அளக்கும். ஒரு மணி நேரத்தில் காணவேண்டியதை ஒரு நிமிடத்தில் காணலாம்.

கருவி கையில் இல்லாதபோது என் செய்வது? ஆய்வுக்கூடத்தில் ஒரே சென்சார், அதற்கு நான்கு பேர் வரிசை. 'சோகேட்' என்னும் நிரல், ஒன்றோடொன்று இணைந்த இரண்டு பொய்ச் சீரியல் துறைகளை உண்டாக்கித் தரும். ஒரு முனையில் நம் நிரலை வைத்து, மறு முனையில் சென்சார் பேசுவதுபோல் எண்களை அனுப்பும் நாலு வரி நிரலை வைத்தால் விடுதி அறையிலேயே, போர்வைக்குள் இருந்தபடியே, வேலையை முக்கால் பாகம் முடித்துவிடலாம். மெய்யான சென்சார் ஒருபோதும் செய்யாத குறும்புகளையும் அந்தப் பொய்ச் சென்சாரைக் கொண்டு செய்விக்கலாம்: பாதி வரி அனுப்புதல், எண்ணுக்குப் பதில் குப்பை அனுப்புதல், பேச்சை நடுவில் நிறுத்திவிடுதல்.

இரண்டாம் படியில் சிஸ்டம்-டியை அழைக்கிறோம். ஆயினும் யூனிட் கோப்பு இன்னும் எழுதவில்லை. 'சிஸ்டம்டி-ரன்' என்னும் கட்டளைக்கு 'யூசர்' என்னும் கொடியைச் சேர்த்து நம் நிரலின் பெயரைக் கொடுத்தால், கோப்பு ஏதுமின்றி ஒரு தற்காலிக சர்வீஸாக அதனை ஓட்டிக் காட்டும். நிறுத்தினால் அந்த சர்வீஸும் மறைந்துவிடும். 'யூசர்' கொடி இருப்பதால் ரூட் அனுமதியும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பொதுக் கணிப்பொறிகளில் நமக்கு ரூட் அனுமதி யார் தரப்போகிறார்கள்? அங்கும் பெரும்பாலும் இது செல்லும்.

அது ஓடினால் மூன்றாம் படியாக யூனிட் கோப்பை எழுதலாம். இதனை நேரே 'எட்சி' ஃபோல்டருக்குள் கொண்டுபோய் எழுதாமல், நிரல் இருக்கும் அதே ஃபோல்டரில், கிட் பதிவேட்டில் நிரலோடு சேர்த்தே வைத்துக்கொள்க. 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளைக்கு 'யூசர்' கொடியும் 'லிங்க்' என்ற சொல்லும் கொடுத்தால், நம் ஃபோல்டரிலுள்ள கோப்பையே சிஸ்டம்-டி பார்த்துக்கொள்ளும். இப்போது ஒரு சுற்று என்பது இவ்வளவுதான்: கோப்பைத் திருத்துதல், 'சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை' என்று சரிபார்த்தல், 'டீமன்-ரீலோட்' சொல்லி மறுபடி படிக்கச் செய்தல், 'ரீஸ்டார்ட்' சொல்லுதல். இந்நான்கில் பின் மூன்றையும் ஒரு 'மேக்' கோப்பில் ஒரே சொல்லாக எழுதிவிட்டால் மூன்று நொடி. பக்கத்துச் சாளரத்தில் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளை 'எஃப்' கொடியோடு ஓடிக்கொண்டிருந்தால், நிரல் என்ன சொல்லிக்கொண்டு செத்தது என்பது உடனுக்குடன் தெரியும்.

'வெரிஃபை' என்னும் படியை வீண் என்று தள்ளிவிடாதீர்கள். யூனிட் கோப்பில் ஒரு சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதினால் சிஸ்டம்-டி அதனைக் குற்றமாகக் கொள்ளாது. "இச்சொல் எனக்குத் தெரியாது" என்று நாட்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். 'ரீஸ்டார்ட்' என்பதில் ஓரெழுத்தை விட்டுவிட்டால் சர்வீஸ் ஓடும், எல்லாம் சரியாகவே தோன்றும், முதன்முறை விழும்போதுதான் எழுந்திருக்க மறுக்கும். அதேபோல 'டீமன்-ரீலோட்' சொல்ல மறந்து, பழைய கோப்பையே மறுபடி மறுபடி சோதித்துக்கொண்டிருப்பதும் உண்டு. தொடங்கவே மறுத்தால் நிலையறிக்கையில் ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். 203 என்றால் நிரலை இயக்கவே முடியவில்லை: முகவரி தவறு, அல்லது இயக்கும் அனுமதி இல்லை, அல்லது விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த கோப்பின் முதல் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறது. 217 என்றால் குறிப்பிட்ட பயனரே இல்லை. 200 என்றால் ஃபோல்டருக்குள் போக முடியவில்லை.

இப்போது சர்வீஸ் ஓடுகிறது. பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். ஆனால் நாம் பூதத்தை அமர்த்தியது நன்னாளுக்காக அன்று, கெட்ட நாளுக்காக. ஆதலால் ஓடுவதைப் பார்ப்பது சோதனை ஆகாது. கொன்று பார்ப்பதே சோதனை. அதிலும் எப்படிக் கொல்வது என்று ஒரு முறை இருக்கிறது.

'ரீஸ்டார்ட்' என்பதற்கு 'ஆன்-ஃபெய்லியர்' என்று எழுதியிருந்தால், தவறான முறையில் இறந்தால் மட்டும் எழுப்பும் என்பது பொருள். வெறும் 'கில்' கட்டளை அனுப்புவது 'டெர்ம்' என்னும் மரியாதையான சமிக்ஞை; அதனால் இறப்பதை நல்ல சாவு என்றே சிஸ்டம்-டி கணக்கிடும், எழுப்பாது. இது தெரியாமல், "எழுப்பவே மாட்டேன் என்கிறது" என்று கோப்பைக் குறைசொல்வார் உளர். ஒன்பதாம் எண் சமிக்ஞையை அனுப்புங்கள், அது துர்மரணம், உடனே எழும். ஓயாது ஓடவேண்டிய அளவீட்டு நிரலுக்கு 'ஆல்வேஸ்' என்று எழுதிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

அடுத்து, எழுந்தும் விழுந்தும் தவிக்கும் நிலை. இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால், விழுந்த நிரலை 100 மில்லி நொடியில் மறுபடி தொடங்கும் சிஸ்டம்-டி. ஆனால் 10 நொடிக்குள் 5 முறை தொடங்கியும் நிற்கவில்லையாயின், "இது தேறாது" என்று கைவிட்டுவிடும். மின்சாரம் திரும்பிய பின் யு.எஸ்.பி. சென்சார் தென்படச் சில நொடிகள் ஆகலாம். அதற்குள் நம் நிரல் ஐந்து முறை பிறந்து ஐந்து முறை இறந்திருக்கும். சென்சார் வந்தபோது மேஸ்திரி கணக்கை முடித்துவிட்டுப் போயிருப்பான். தானே எழும் என்று நம்பி எழுதிய சர்வீஸ், மின்தடைக்குப் பின் சரியாக இதனாலேயே எழாமல் கிடக்கும்! 'ரீஸ்டார்ட்-செக்' என்பதற்கு 10 அல்லது 15 என்று எழுதிவிட்டால், 10 நொடிக்குள் ஐந்து தொடக்கம் நிகழவே முடியாது; எத்தனை மணி நேரமானாலும் பொறுமையாக முயன்றுகொண்டிருக்கும். சோதிப்பது எளிது: சென்சாரைப் பிடுங்கி வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்துச் செருகிப் பாருங்கள். செருகும்போது துறையின் எண் மாறிவிடக்கூடும் என்பதையும் இச்சோதனையே காட்டிக்கொடுக்கும். அதற்கு, எண்ணை விடுத்து, 'டெவ்' ஃபோல்டரின் கீழ் 'சீரியல்', அதன் கீழ் 'பை-ஐடி' என்னுமிடத்தில் கருவியின் பெயரால் இருக்கும் முகவரியைப் பயன்படுத்துக.

சாவைவிடக் கொடியது மயக்கம். நிரல் இறக்கவில்லை, ஆனால் சென்சாரின் பதிலுக்காக அப்படியே காத்துக்கொண்டு நிற்கிறது. பார்ப்பதற்கு 'ஆக்டிவ்' என்று பச்சை எழுத்தில் காட்டும். இதற்கு மருந்து இரண்டு. நிரலுக்குள், சீரியல் துறையிலிருந்து படிக்கும் ஒவ்வொரு முறைக்கும் கால வரம்பு வைப்பது முதல் மருந்து. 'வாட்ச்டாக்-செக்' என்னும் காவல் நாயைக் கட்டுவது இரண்டாவது. நிரல் குறித்த நேரத்துக்குள் ஒருமுறை, "உயிரோடிருக்கிறேன்" என்று சிஸ்டம்-டிக்குச் செய்தி அனுப்பவேண்டும்; வராவிட்டால் சிஸ்டம்-டி அதனைக் கொன்று மறுபடி பிறப்பிக்கும். மயக்கத்தைச் செயற்கையாக உண்டாக்க 'ஸ்டாப்' சமிக்ஞை இருக்கிறது. அது நிரலைக் கொல்லாமல் உறையவைத்துவிடும். உறையவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி இருங்கள். காவல் நாய் குரைக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வட்டு நிரம்பினால்? அதற்காக மெய்யான வட்டை நிரப்பவேண்டியதில்லை. 'டெவ்' ஃபோல்டரில் 'ஃபுல்' என்றொரு விநோதமான கோப்பு உண்டு; அதில் எதை எழுதினாலும் "இடமில்லை" என்றே பதில் வரும். சூழல் மாறியில் தரவுக் கோப்பின் இடத்தில் அதன் பெயரைக் கொடுத்துவிட்டு, நிரல் கூக்குரலிட்டு விழுகிறதா, அல்லது வாயை மூடிக்கொண்டு அளவுகளைக் காற்றில் விடுகிறதா என்று பாருங்கள். கூக்குரலிடும் நிரலே நல்ல நிரல்.

இவ்வளவும் தேறிய பின்னரே ஊர் மாற்றம். தொடர்ந்து பயனர் சர்வீஸாகவே வைத்துக்கொள்ள விரும்பினால், 'லாகின்சிடிஎல்' கட்டளையால் 'லிங்கர்' என்பதை இயக்கிவிடவேண்டும். இல்லாவிட்டால் நாம் வெளியேறும்போது பயனர் சர்வீஸ்களும் நின்றுபோகும், கணிப்பொறி எழும்போது தாமே தொடங்கவும் மாட்டா. கணிப்பொறிக்கே உரிய சர்வீஸாக வைப்பதாயின் கோப்பை 'எட்சி'யின் கீழுள்ள சிஸ்டம்-டி ஃபோல்டருக்கு மாற்றி, பயனர் பெயரைக் குறிப்பிட்டு, 'எனேபிள்' சொல்லவேண்டும். 'ஸ்டார்ட்' என்பது இப்போது ஓட்டுவது. 'எனேபிள்' என்பது விழிக்கும்போதெல்லாம் ஓட்டுவது. ஒன்று மற்றொன்றைச் செய்யாது. களத்துக் கணிப்பொறியில் கைவைக்குமுன் ஒரு பொய்க் கணிப்பொறியில் விழிப்புச் சோதனை செய்ய விரும்புவோர்க்கு 'சிஸ்டம்டி-என்ஸ்பான்' உதவும். அதன் 'எஃபெமரல்' கொடியால், வைத்திருக்கும் லினக்ஸின் தற்காலிகப் பிரதி ஒன்றை எழுப்பி, அணைத்தவுடன் சுவடின்றி மறையச் செய்யலாம். டாக்கர் பெட்டிகளில் வழக்கமாக சிஸ்டம்-டி ஓடுவதில்லை. ஆகவே இந்தச் சோதனைக்கு அவை அவ்வளவாகப் பொருந்தா.

ராஸ்பெரி பை வைத்திருப்போர்க்கு மட்டும் ஒரு தனிச் சொல். நான்காம் தலைமுறை வரையிலான அக்கணிப்பொறிகளில், மின்சாரம் போன பின் நேரத்தைக் காக்கும் கடிகாரம் இல்லை. ஐந்தாவதில் கடிகாரம் உண்டு; பாட்டரியை நாம்தான் இணைக்கவேண்டும். மின்தடைக்குப் பின் விழித்த கணிப்பொறி, வலைத்தொடர்பு கிடைத்து நேரத்தைக் கேட்டறியும் வரை ஏறத்தாழ அணைந்த பொழுதையே இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும். அதற்குள் எழுதப்படும் அளவுகள் பொய் நேரத்தைத் தாங்கிவிடும். தூசி அளவில் இது சிறு பிழை அன்று. இரவு பன்னிரண்டு மணிப் பனியும் விடியற்காலைப் பனியும் ஒன்றல்ல. 'சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்' என்னும் சர்வீஸை இயக்கி, நம் யூனிட் கோப்பில் 'டைம்-சிங்க்' என்னும் இலக்குக்குப் பின்னர் தொடங்குக என்று எழுதினால், நேரம் சரியான பின்பே நிரல் தொடங்கும். வலைத்தொடர்பு வராவிட்டால் தொடங்கவே தொடங்காது என்பதும் இதில் உள்ள இடர். தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் கட்டடமாயின், காத்திராமல் தொடங்கி, கணிப்பொறி விழித்ததிலிருந்து எத்தனை நொடி என்னும் எண்ணையும் ஒவ்வொரு வரியிலும் சேர்த்து எழுதிவைத்தால், பின்னர் நேரம் சரியானதும் பழைய வரிகளையும் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம். நான் இரண்டாவதையே விரும்புவேன்.

எஞ்சியது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கும் சோதனை. இதற்கு 'ரீபூட்' ஈடாகாது. 'ரீபூட்' சொன்னால் சிஸ்டம்-டி எல்லா நிரல்களுக்கும் விடைகொடுத்து, கோப்புகளை முறையாக மூடிய பின்பே அணைகிறது. மின்வாரியம் அவ்வளவு மரியாதை காட்டுவதில்லை. பிடுங்குவதற்குமுன் கடைசியாக அளந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி செருகிய பின் கோப்பின் கடைசி வரி எந்த நேரத்தைக் காட்டுகிறதென்று ஒப்பிடுங்கள். பல நொடி இடைவெளி இருந்தால், எழுதியவை வட்டில் இறங்காமல் நினைவகத்திலேயே தங்கியிருந்தன என்று பொருள். ஒவ்வோர் அளவுக்குப் பின்னும் 'ஃப்ளஷ்', அதன் பின் 'எஃப்-சிங்க்' என்று அழைத்தால் இடைவெளி ஓர் அளவுக்குள் அடங்கும். நிமிடத்துக்கு ஒரு வரி என்பதால் வேகக் குறைவு தெரியாது. கடைசி வரி பாதியில் அறுந்து நிற்கவும் கூடும். ஆகவே நிரல் தொடங்கும்போதெல்லாம் முதலில் ஒரு வெற்று வரியை எழுதிவிட்டுத் தொடரட்டும். இல்லையேல் புதிய முதல் அளவு அந்த அறுந்த வரியோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் கெடும்.